குடும்ப பைபிள்ல எழுதாம விட்ட பேருங்க: அமெரிக்கத் தெற்கோட நாவல்கள் ஏன் இப்படி இழுக்குது

கேள்வி இதுதான்: அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல நடக்குற அந்தக் குடும்ப நாவல்கள், மூணு நாலு தலைமுறை, தூண் வச்ச பெரிய வீடு, பருத்திக் காடு, ஒரு குடிகார சித்தப்பா, கதவச் சாத்திக்கிட்டு வெளிய வராத ஒரு அத்தை, இதுல அப்படி என்னதான் இருக்கு, எல்லாம் ஒரே கதை மாதிரி இருக்கே, ஏன் இன்னும் ஜனங்க தேடித் தேடிப் படிக்கிறாங்க?

ஒரே கதைன்னு சொல்றது பாதி நிஜம். வீடு, நிலம், உயில், சாவு வீடு, திரும்பி வர்ற மகன், இதெல்லாம் சுத்திச் சுத்தி வரும். ஆனா இழுக்குறது அதுன்னு நான் நினைக்கல. வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச, ஆனா ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லாத விஷயம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுலதான் இந்த வண்டி ஓடுது. எந்த ஊர் குடும்பக் கதைலயும் ரகசியம் இருக்கும்தான், பெட்டிக்குள்ள இருக்கும், கடிதத்துல இருக்கும். தெற்குல அந்த ரகசியம் சாப்பாட்டு மேஜை பக்கத்துல நின்னு பரிமாறிக்கிட்டு இருக்கும், எஜமானோட அதே மூக்கோட.

இது கற்பனை இல்ல, சட்டமே அப்படித்தான் இருந்துச்சு. 1662ல வர்ஜீனியால ஒரு சட்டம் போட்டாங்க, குழந்தை அடிமையா சுதந்திரமான்னு தாயோட நிலைமையப் பாத்துத்தான் முடிவு பண்ணணும், அப்பன் யாரா இருந்தாலும் கணக்குல வராது. அடிமைப் பொண்ணுக்கிட்ட எஜமான் பெத்த பிள்ளை அவனுக்கே சொத்து, விக்கலாம், அடகு வைக்கலாம், கல்யாணத்துக்குச் சீதனமா மகளுக்குக் குடுக்கலாம், அதாவது ஒரு மகள இன்னொரு மகளுக்குச் சீதனமா. சவுத் கரோலினாவுல மேரி செஸ்னட்னு ஒரு பெரிய இடத்து அம்மா, புருஷன் செனட்டரா இருந்தவர், 1861ல டைரில எழுதுறாங்க: ஒவ்வொரு சீமாட்டியும் அடுத்த வீட்டுக் கலப்புக் குழந்தைங்களுக்கு அப்பன் யாருன்னு புட்டுப் புட்டு வைப்பா, தன் வீட்டுல இருக்கிறது மட்டும் மேகத்துல இருந்து விழுந்துச்சுன்னு நினைச்சுக்குவா. அந்த அம்மா அடிமை முறைய வச்சு வாழ்ந்த குடும்பம்தான், அத மறந்துடாதீங்க, ஆனா அந்த ஒரு வரிக்குள்ள நூறு நாவல் இருக்கு.

பெரும்பாலானவங்க மார்கரெட் மிச்சலோட 'கான் வித் தி விண்ட்'லதான் ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான், காலேஜ் லீவுல அட்டை கிழிஞ்ச ஒரு பழைய காப்பி, மூணு நாள் வேற எதுவும் ஓடல. 1936 ஜூன்ல வந்துச்சு, ஆறு மாசத்துல பத்து லட்சம் காப்பி, அடுத்த வருஷம் புலிட்சர். விறுவிறுப்பு அப்படி. ஆனா அதுல அடிமைங்க சந்தோஷமா இருப்பாங்க, கு க்ளக்ஸ் க்ளான், கறுப்பினத்தவர மிரட்டிக் கொன்ன வெள்ளைக்காரக் கும்பல், ஏதோ மானத்தக் காப்பாத்த வந்த ஆளுங்க மாதிரி வரும், ரெண்டாவது தடவ படிக்கும்போது தொண்டைல முள்ளு மாட்டுன மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் அதுல ஒரு உண்மை தெரியாத்தனமா வெளிய வந்திருக்கு. டாரான்னு அந்தப் பண்ணை, அதுக்காக கதாநாயகி எதையும் செய்யத் தயாரா இருக்கா, அது பரம்பரைச் சொத்தே இல்ல. அப்பன் அயர்லாந்துல இருந்து கப்பலேறி வந்தவன், சீட்டாட்டத்துல ஜெயிச்ச நிலம்!

இத கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. நாம என்னவோ அந்தப் பெரிய வீடெல்லாம் ராஜா காலத்து வீடுன்னு நினைச்சுக்கிறோம். மிசிசிப்பில பூர்வகுடிகளான சாக்டா மக்கள்கிட்ட இருந்து 1830 ஒப்பந்தத்துலயும், சிக்கசா மக்கள்கிட்ட இருந்து 1832 ஒப்பந்தத்துலயும் நிலத்த எழுதி வாங்கி அவங்கள மேற்க அனுப்பிட்டாங்க, அப்புறம்தான் பருத்திப் பண்ணைங்க காளான் மாதிரி முளைச்சுது. அடிமை முறைய வச்சு வடக்கும் தெற்கும் மோதுன உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சது 1861ல. அப்ப அங்க இருந்த 'தொன்மையான குடும்பம்' நிறைய பேருக்கு வயசு முப்பது வருஷம்தான்! முப்பது வருஷத்துல பரம்பரைன்னு ஒண்ண உருவாக்கணும்னா கதைதான் கட்டணும், வேற வழி இல்ல, அதனாலதான் அந்த ஊர்ல கதை சொல்றது பொழுதுபோக்கு மாதிரி இல்லாம பட்டா பத்திரம் மாதிரி ஆயிடுச்சுன்னு எனக்குத் தோணும்.

அதே 1936ல, நாலு மாசம் தள்ளி அக்டோபர்ல, வில்லியம் ஃபாக்னரோட 'அப்சலோம், அப்சலோம்!' வந்துச்சு. அது விக்கல, 1944 வாக்குல அவரோட புத்தகங்க கிட்டத்தட்ட எதுவுமே அச்சுல இல்லாத நிலைமை, நோபல் எல்லாம் அப்புறம்தான். தாமஸ் சட்பென்னு ஒருத்தன் 1833ல எங்கிருந்தோ ஊருக்குள்ள வர்றான், சிக்கசா தலைவர்கிட்ட இருந்து நூறு சதுர மைல் நிலத்த எப்படியோ வாங்குறான், ஒரு பிரெஞ்சு ஆர்க்கிடெக்டையும் அடிமைங்களையும் வச்சு சேத்துல மாளிகை எழுப்புறான். அவனுக்கு ஏன் அந்த வெறி? சின்னப் பையனா இருக்கும்போது வர்ஜீனியால ஒரு பண்ணை வீட்டுக்கு ஏதோ சேதி சொல்லப் போறான், முன்வாசல்ல நின்ன வேலைக்காரர் பின்பக்கமா வாடான்னு அனுப்பிடுறார். அவ்ளோதான், ஒரு வாசக்கதவு. அந்த ஒரு அவமானத்துக்காக ஒரு வம்சத்தையே உண்டாக்கக் கிளம்புறான், கடைசில அவன் பெத்த மகனே அவன் வாசல்ல வந்து நிக்கும்போது அதே கதவ அவனும் சாத்துறான். ஏன் சாத்துறான்னு சொன்னா படிக்கிற சுகம் போயிடும், சொல்ல மாட்டேன்.

இதுல விஷயம் என்னன்னா, இந்தக் கதைய உங்களுக்கு யாருமே நேரா சொல்ல மாட்டாங்க. உள்நாட்டுப் போர் முடிஞ்சு நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம், 1910ல, ஹார்வர்ட்ல ஒரு குளிர் ரூம்ல, குவெண்டின்னு ஒரு மிசிசிப்பி பையனும் கனடால இருந்து வந்த அவனோட ரூம்மேட்டும் ராத்திரி பூரா உக்காந்து, அப்பா சொன்னது, ஊர்ல ஒரு வயசான அம்மா வஞ்சம் வச்சு சொன்னது, தாத்தா அரைகுறையா சொன்னது, தெரியாத இடத்துல இவங்களே ஊகிச்சது, எல்லாத்தையும் ஒட்டு போட்டு ஒட்டு போட்டு கதையாக்குறாங்க. அந்தக் கனடாக்காரன் யாருன்னா நாமதான். சாவு வீட்டுக்குப் போன தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி, இவங்க சொன்னதையும் அவங்க முழுங்குனதையும் வச்சு கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். நல்ல தெற்கு நாவல் ஒவ்வொண்ணுலயும் வாசகனுக்கு இந்த வேலைய வைப்பாங்க, அந்த வேலைக்கு ஒரு தடவ பழகிட்டா மத்த நாவல்லாம் ஊட்டி விடுற மாதிரி இருக்கும்.

ஃபாக்னர் அந்த நாவல் பின்னாடி தன்னோட கற்பனை மாவட்டத்துக்கு, யோக்னபடாஃபான்னு பேரு, ஒரு மேப் போட்டிருப்பார். பரப்பு 2400 சதுர மைல், வெள்ளைக்காரங்க 6298, கறுப்பினத்தவர் 9313, தனி உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர்னு கையெழுத்து வேற. நிலத்த வளைச்சுப் போட்டவன் கதைய எழுதிட்டு தானும் ஒரு பட்டா போட்டுக்கிட்ட குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா எனக்கு ஒரே ஒரு இடத்தக் காட்டணும்னா 'கோ டவுன், மோசஸ்'ல வர்ற கணக்குப் புத்தகத்தத்தான் காட்டுவேன், 1942ல வந்தது. பதினாறு வயசுப் பையன் ஐசக், ஒரு ராத்திரி பண்ணைக் கடைல இருக்கிற பழைய பேரேடுகளப் புரட்டுறான். அவன் அப்பாவும் பெரியப்பாவும் எழுத்துப் பிழையோட கிறுக்கி வச்ச வரிங்க, மாடு வாங்குனது மாவு குடுத்தது மாதிரியேதான் ஆளுங்களும். யூனிஸ், 1807ல தாத்தா நியூ ஆர்லியன்ஸ்ல 650 டாலருக்கு வாங்குனது. 1832 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஓடைல மூழ்கிச் செத்தா. அடுத்து ஒரு சகோதரன் எழுதுறான், அவளா விழுந்தா. இன்னொருத்தன் எழுதுறான், அடிமை எவளாவது தானா விழுந்து சாவாளா என்ன. கொஞ்சம் தள்ளி, யூனிஸ் மகள் டோமி, 1833 ஜூன்ல பிரசவத்துல செத்தா, ஒரு ஆம்பளக் குழந்தை. தாத்தாவோட உயில்ல அந்தக் குழந்தைக்கு ஆயிரம் டாலர்.

அந்தப் பையன் தேதிய எண்ணுறான். மகள் பிரசவத்துக்கு ஆறு மாசம் முன்னாடி அம்மா ஏன் ஓடைல விழணும்? அந்த டோமிக்கே அப்பன் தாத்தாதான், அவ குழந்தைக்கும் அவருதான் அப்பன். இத எந்த வரிலயும் எழுதல, ரெண்டு தேதிக்கு நடுவுல இருக்கு. ஒரு கறுப்பனப் பாத்து என் மகனேன்னு கூப்பிடுறதவிட ஆயிரம் டாலர் மலிவுன்னு தாத்தா கணக்குப் போட்டிருக்காருன்னு பையனுக்குப் புரியுது. இருபத்தோரு வயசு ஆகும்போது அந்த நிலமே வேணாம்னு விட்டுட்டுப் போறான். நான் இத முதல் தடவ படிச்சப்ப அந்த ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவுல விரல் விட்டு எண்ணுனேன், எண்ணி முடிச்சதும் புத்தகத்த மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டேன். விட்டுக்குடுத்தது பெரிய தியாகமான்னா இல்ல, அந்த நாவலே அத சந்தேகமாத்தான் பாக்குது, நிலம் அத்தை வழிச் சொந்தக்காரன் கைக்குப் போகுது, கறுப்புச் சொந்தங்களுக்கு ஒண்ணும் மாறல.

இங்க ஒண்ணு சொல்லணும். வெள்ளைக்காரக் குடும்பத்துல பிறப்பு, சாவு, கல்யாணத்த குடும்ப பைபிள்ல பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடுங்கிற ரெண்டு பகுதிக்கும் நடுவுல இருக்கிற பக்கத்துல எழுதி வைப்பாங்க. அடிமையா இருந்த கறுப்பினக் குடும்பத்துக்கு அது கிடையாது. 1850, 1860 சென்சஸ்ல அடிமைங்களுக்குத் தனிப் பட்டியல் எடுத்தாங்க, அதுல வயசு, ஆணா பெண்ணா, நிறம், எஜமான் பேரு, இவ்ளோதான், அவங்க பேரு பெரும்பாலும் இருக்காது. 1860ல கிட்டத்தட்ட 40 லட்சம் பேரு அப்படிப் பேரில்லாம இருந்தாங்க. 1870 சென்சஸ்லதான் விடுதலையானவங்க பேரோட வர்றாங்க. தன் வம்சத்தத் தேடுற கறுப்பினக் குடும்பம் பெரும்பாலும் 1870ல வந்து முட்டிக்கிட்டு நிக்கும், அத ஒரு சுவர்னே சொல்வாங்க. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போறதுக்கு எஜமானோட உயில், விற்பனைப் பத்திரம், பாட்டி சொன்ன கதை, இது மாதிரி வழிங்கதான். அதனால கறுப்பின எழுத்தாளர்கள் எழுதுன குடும்ப நாவல்ல ஏக்கம் வேற மாதிரி. அங்க போன பெருமைய நினைச்சு அழறது கிடையாது, பேரக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

மார்கரெட் வாக்கர் தன்னோட கொள்ளுப்பாட்டி கதைய பாட்டி வாய்வழியா கேட்டு வளந்தவங்க, அத 'ஜூபிலி'ன்னு நாவலாக்க முப்பது வருஷம் ஆச்சு, 1966ல வந்துச்சு. அதுல வைரின்னு ஒரு பொண்ணு, எஜமானோட மக, பெரிய வீட்டு சமையக்கட்டுல அடிமை. 'கான் வித் தி விண்ட்' சாப்பாட்டு மேஜைல உக்காந்து பாத்த அதே ஜார்ஜியாவ இது அடுப்படில நின்னு பாக்குது, ரெண்டையும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா படிச்சுப் பாருங்க, முதல்ல படிச்சதுல விருந்து தயாரிச்சது யாருன்னு அப்பதான் தோணும்.

'ரூட்ஸ்', ஒரு கறுப்பினக் குடும்பத்தோட வம்சக் கதை, எல்லாருக்கும் தெரிஞ்சது, 1976, அடுத்த வருஷம் டிவில எட்டு ராத்திரி ஓடி நாடே உக்காந்து பாத்துச்சு. அலெக்ஸ் ஹேலி டென்னசில ஹென்னிங்னு ஒரு சின்ன ஊர்ல பாட்டி வீட்டு போர்ச்ல பாட்டியும் பாட்டியோட சகோதரிங்களும் பேசுறதக் கேட்டு வளந்தவர், கதை அங்கதான் கிளம்புது. அதுல வேற நாவல்ல இருந்து எடுத்த பகுதிங்க இருக்குன்னு கேஸ் நடந்து 1978ல ஆறரை லட்சம் டாலர் குடுத்து சமாதானம் ஆச்சு, வம்ச ஆதாரத்துலயும் ஓட்டை இருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. நடையும் எனக்கு ஒண்ணும் பெருசா படல. ஆனா அதுக்கப்புறம் ஆவணக் காப்பக வாசல்ல சாதாரண ஜனங்க வரிசைல நின்னாங்க, அத யாரும் மறுக்க முடியாது. லலிதா டாடமி, இவங்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில வைஸ் பிரசிடென்ட் வேலைய விட்டுட்டு லூசியானா பதிவேடுகள்ல தேடி 'கேன் ரிவர்' எழுதுனாங்க, 2001. நாலு தலைமுறைப் பொண்ணுங்க, நடுநடுவுல நிஜப் பத்திரம், நிஜ போட்டோ. நாவலா பாத்தா சுமார்தான், ஆனா அந்தப் பழைய பத்திரங்க வர்ற பக்கத்துல எல்லாம் என் கை தானா நின்னுடும்.

எழுத்துல இவங்க எல்லாரையும் தாண்டி நிக்கிறது எட்வர்ட் பி. ஜோன்ஸோட 'தி நோன் வேர்ல்ட்', 2003. அகஸ்டஸ்னு ஒரு கறுப்பினத் தச்சர் உழைச்சுக் காசு சேத்து முதல்ல தன்னைத்தானே விலைக்கு வாங்குறார், அப்புறம் பொண்டாட்டிய, அப்புறம் மகன. வர்ஜீனியால விடுதலையானவங்க பன்னெண்டு மாசத்துல மாநிலத்த விட்டுப் போகணும்னு 1806லயே சட்டம், அதனால மகன விடுதலை பண்ணாம சட்டப்படி தன்னோட சொத்தாவே வச்சுக்கிறார். அந்த மகன் வளந்து தானே அடிமைங்கள வாங்குற பண்ணைக்காரன் ஆயிடுறான். அப்பன் மகன் சண்டைல இத விடக் கொடூரமான சண்டைய நான் எங்கயும் படிச்சதில்ல. நல்லவன் கெட்டவன்னு பிரிச்சு வச்சுட்டு நிம்மதியா தூங்கலாம்னு நினைக்கிறவங்க இந்தப் பக்கமே வர வேணாம்.

நிலத்தப் பத்திப் பேசாம இத முடிக்க முடியாது. 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'ல, 1929, மேல சொன்ன அதே குவெண்டின ஹார்வர்ட்ல படிக்க வைக்க காம்ப்சன் குடும்பம் மேய்ச்சல் நிலத்த வித்துடும், அது கோல்ஃப் மைதானம் ஆயிடும். அவன் தம்பி பெஞ்சி, மனவளர்ச்சி இல்லாதவன், வேலி ஓரமா நின்னு கேக்குறான், விளையாடுறவங்க கேடின்னு உதவிப் பையனக் கூப்பிடுறாங்க, இவனுக்கோ வீட்ட விட்டுப் போன அக்கா பேரு கேடி. அவன் ஓன்னு கத்துறான். வித்த நிலம், போன அக்கா, படிக்கப் போய் உயிர விட்ட அண்ணன், மூணும் ஒரு சத்தத்துக்குள்ள.

கறுப்பினக் குடும்பங்க பக்கம் நிலம் போன விதம் வேற. 1920ல அமெரிக்கால ஒன்பது லட்சத்துக்கு மேல கறுப்பின விவசாயிங்க இருந்தாங்க, இன்னிக்கு அதுல சின்ன மிச்சம்தான். கோர்ட் மேலயும் வக்கீல் மேலயும் நம்பிக்கை இல்லாம நிறைய பேரு உயில் எழுதாமலே போயிட்டாங்க, நிலம் எல்லா வாரிசுக்கும் பொதுவாயிடும், நம்ம ஊர் கூட்டுப்பட்டா மாதிரி. சிகாகோவுல இருக்கிற ஏதோ ஒரு பேரன்கிட்ட வெளியாள் ஒருத்தன் ஒரு சின்னப் பங்க வாங்கிட்டு கோர்ட்ல போய் மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டு வந்துட முடிஞ்சுது. பங்காளிச் சண்டைய பாத்து வளந்த யாருக்கும் இது விளக்கமே தேவைப்படாது. 1910ல இருந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் பேரு தெற்க விட்டு வடக்கயும் மேற்கயும் போயிட்டாங்க, அதனால ஒரு தலைமுறை சிகாகோவுலயும் டெட்ராய்ட்லயும், பாட்டியும் கல்லறையும் மட்டும் ஊர்ல. கோடை லீவுக்குப் பிள்ளைங்கள ஊருக்கு அனுப்புறதுல ஆரம்பிக்காத நாவல எண்ணித்தான் எடுக்கணும்.

கனமாவே போகுதே, சிரிப்பே இல்லையான்னா, யூடோரா வெல்ட்டி இருக்காங்க. 'லூசிங் பேட்டில்ஸ்', 1970. பாட்டிக்கு தொண்ணூறாவது பிறந்தநாள், மொத்த சொந்தமும் வந்து இறங்குது, கதை பூரா ஒண்ணரை நாள்தான், கிட்டத்தட்ட எல்லாமே பேச்சு, ஒருத்தர் பேச்ச ஒருத்தர் வெட்டி, தப்புன்னு திருத்தி, கோழி வறுவல் தட்டு கைமாறிக்கிட்டே. கொள்ளுப்பேரன் ஜேக் பார்ச்மன் ஜெயில்ல இருந்து, விடுதலைக்கு ஒரே நாள் இருக்கும்போது, விழாவுக்குத் தப்பிச்சு ஓடி வந்துடுவான், எல்லாரும் அவன மாப்பிள்ளை மாதிரி வரவேற்பாங்க. விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அப்புறம் ஜெஸ்மின் வார்டோட 'சிங், அன்பரீட், சிங்' படிச்சேன், 2017. அதே பார்ச்மன். மிசிசிப்பி டெல்டால 1901ல ஆரம்பிச்ச சிறைப் பண்ணை அது, கைதிங்க பருத்தி பறிக்கணும், துப்பாக்கியோட காவல். இதுல ஒரு தாத்தா பதினஞ்சு வயசுல அங்க அடைபட்டவர், அங்க பாத்த ஒரு பன்னெண்டு வயசுப் பையனோட கதைய பேரன் ஜோஜோகிட்ட ஒவ்வொரு தடவையும் பாதில நிறுத்திடுவார், முடிவு மட்டும் சொல்லவே மாட்டார். ஜோஜோவோட அப்பன் வெள்ளைக்காரன், அந்த அப்பனோட அப்பன் இந்தப் பேரப் பிள்ளைங்கள ஏறெடுத்தும் பாக்க மாட்டான். ஃபாக்னரோட பேரேட்ல ஆயிரம் டாலர் எழுதி வச்ச அதே தாத்தா, நூத்தி எண்பது வருஷம் தள்ளி பிக்கப் ட்ரக்ல வந்து நிக்கிறான். வெல்ட்டி சிரிக்க வச்ச ஜெயில இனிமே அதே கண்ணால பாக்க முடியல எனக்கு, ஒரே ஊரு ஒரே ஜெயிலு, யாருக்கு அது வேடிக்கைக் கதை யாருக்கு அது பேயின்னு ரெண்டு புத்தகத்த அடுத்தடுத்து வச்சாத்தான் தெரியுது.

குப்பையும் நிறைய உண்டு. அட்டைல ஒரு வாசல், ஒரு மக்னோலியா பூவு, உள்ள ஒரு பாட்டியோட ரெசிபி, ஒரு பழைய கடிதம், கடைசி அத்தியாயத்துல எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுதா எல்லாப் பாவமும் தீந்துடும். அதுல சமையக்கார அம்மா ஞானம் சொல்றதுக்கு மட்டும் வருவாங்க, அவங்களுக்குன்னு ஒரு வீடு இருக்கும், பிள்ளைங்க இருப்பாங்கன்னு எழுதுனவங்களுக்கே தோணியிருக்காது. மழை நாளைக்கு நானும் படிச்சிருக்கேன், பேரு ஒண்ணும் ஞாபகம் இல்ல.

எங்க ஆரம்பிக்கலாம்னா, ஜெஸ்மின் வார்ட்ல ஆரம்பிங்க, சின்னது, ரெண்டு நாள்ல முடியும். அடுத்து 'ஜூபிலி', அடுத்து ஜோன்ஸ், அப்புறமா ஃபாக்னர். 'சவுண்ட் அண்ட் ஃபியூரி'ய முதல்ல எடுத்துட்டு முப்பதாவது பக்கத்துல தூக்கிப் போட்டவங்க கூட்டத்துல நானும் ஒருத்தன், பெஞ்சி தலைக்குள்ள காலம் முன்ன பின்ன தாவிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு காலத்தையும் வேற வேற கலர் மைல அச்சடிக்கணும்னு ஃபாக்னர் ஆசைப்பட்டார், அன்னிக்கு முடியல, 2012ல ஃபோலியோ சொசைட்டி பதினாலு கலர்ல போட்டாங்க, விலைய மட்டும் பாத்துடாதீங்க. சாதா காப்பியே போதும், புரியாட்டியும் நிறுத்தாம ஓடுங்க, ரெண்டாவது பகுதில தானா வழி தெரியும். 'அப்சலோம்' பின்னாடி வம்சப் பட்டியலும் வருஷக் கணக்கும் குடுத்திருப்பார், அதப் பாத்து தேதிய சரிபாக்க உக்காந்துடாதீங்க, நான் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பாத்தேன், நாவல்ல ஒரு வருஷம் இருக்கு பட்டியல்ல வேற வருஷம் இருக்கு.